ரெண்டு பேர் வெட்டணும்

காலை ஒன்பது நாற்பதுக்கு அந்தச் சொம்பு வந்தது. வேங்கிக்காலைத் தாண்டி வேலூர் ரோட்டில் இருக்கிறது ஆதிமூலம் அலாய்ஸ். வாட்ச்மேன் டீ குடிக்கப் போனபோது கேட்டருகே ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது அது இருந்தது. பித்தளைச் சொம்பு. கழுத்தில் சணல் கயிறு. கயிற்றில் ஒரு துண்டுச் சீட்டு.

‘ரெண்டு பேர் வெட்டணும். இன்னிக்கு 4 மணிக்குள்ள.’

பத்தரைக்குக் கம்பெனி ஹாலில் அந்தச் சீட்டு அருணாதேவியின் கையில் இருந்தது. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவள். இப்போது ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடைக்கு மேலே சொந்தத் துப்பறியும் ஆபீஸ். அவள் சிரிப்பது கம்மி. அதை ஈடுகட்ட உதவியாளாகச் சைஃபுல்லாவை வைத்திருந்தாள்.

“கொலை மிரட்டலைச் சொம்புல கட்டி அனுப்பியிருக்கான் மேடம்,” என்றான் சைஃபுல்லா. “இந்தக் கம்பெனியில சொம்பு தூக்கறவங்க ஜாஸ்தின்னு யாரோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்.”

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. வலது கட்டை விரலில் பிளாஸ்திரி. தோசைக்கல் சுட்டது என்று காலையில் சொல்லியிருந்தான்.

முதலாளி ராமதாஸ் சிரிக்கவில்லை. பட்டுச் சட்டையின் கழுத்து நனைந்திருந்தது.

“ரெண்டு பேர்னா நானும் எம்பையன் இளவரசனும்தான். நாலு மணிக்குக் கம்பெனியோட நாற்பதாவது வருஷ விழா. உலையில மொதல் தட்டுப் பாத்திரத்தை நாங்க ரெண்டு பேரும்தான் போடறோம். அந்தப் பித்தளையில கோயிலுக்கு ஒரு மணி வார்க்கறோம்.”

“போலீஸ்?”

“விழா அன்னிக்கு வாசல்ல ஜீப் நின்னா ஊர் இன்னா பேசும்? உங்க கார்டு என் டேபிள்மேலயே கெடந்துச்சு. யார் வச்சாங்கன்னு தெரியல. அதான் கூப்பிட்டேன்.”

அருணாதேவி ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். நடுவில் ஒரு பெரிய அண்டா. யானை முகம் வைத்த இரண்டு காதுகள். தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டிருந்தார்கள். பக்கத்தில் பலகை: ‘நிறுவனர் ஆதிமூலம் வாங்கிய முதல் அண்டா, 1985’. விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு அரம் போட்டுத் தேய்த்த தடம் இருந்தது.

மேஜைமேல் பெரிய தாம்பாளம். பழைய குத்துவிளக்கு, உடைந்த கைமணி, நான்கு தட்டு. எல்லாவற்றுக்கும் மஞ்சள், குங்குமம். நடுவில் உள்ளங்கையில் அடங்கும் கங்கைச் சொம்பு. காசிக்குப் போனவர்கள் கொண்டுவந்து பூஜையறையில் வைப்பார்களே, வாயை ஈயத்தால் அடைத்தது, அதுதான்.

“அதுவும் உலைக்கா?”

“ஆமாம். காசிக்குப் போய்ட்டு வந்த யாரோ ஒரு புண்ணியவான் மூணு நாள் முன்னாடி வச்சிட்டுப் போயிருக்காரு. கங்கையும் சேர்ந்தா மணி பேசும்ல?”

விழாவுக்காக அச்சடித்த கம்பெனி வரலாறு ஒன்றை ராமதாஸ் நீட்டினார். வழவழப்பான தாள். காயலான் கடையிலிருந்து நாலு ஏக்கர் ஆலை வரை, நாற்பது வருஷம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரியை அருணாதேவி இரண்டு முறை படித்தாள். ‘1991: கூலிக்கு வைத்திருந்த ஈயம் பூசுபவரின் திருட்டால் நம் பெயருக்குக் களங்கம் வந்தது. நிறுவனர் அதிலிருந்து மீண்டார்.’

“ஈயம் பூசுறவருக்குப் பேர் இல்லையா?”

“திருடனுக்கு எதுக்கு மேடம் பேரு?”

சைஃபுல்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே யார்டில் தனம் பழைய பாத்திரங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அதுதான் வேலை. அவள் தலைக்குமேல் சுவரில் சிவப்பு எழுத்து: ‘மூடியது எதுவும் உலைக்குப் போகாது.’

“தனக்கா,” என்றான் சைஃபுல்லா, “நாலு மணிக்கு விழாவுல நின்னு கால் கடுக்காதீங்க. கேட்டுக்கு வாங்க, டீ வாங்கித் தரேன்.”

“யார்யா நீ, பார்த்த அரை மணியில டீ வாங்கித் தரே?”

“எங்க தாத்தா ஊர் ஊராப் பாத்திரத்துக்குக் கலாய் பூசினவரு. நான் ஆளுங்களுக்குப் பூசறேன். பரம்பரைத் தொழில்.”

தனம் சிரித்தாள். ஈயத்தைக் கலாய் என்று சொல்லும் ஊரில் அது நல்ல ஜோக்தான்.

*

தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடை வாசலில் கண்ணாயிரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர். பாத்திரத்தில் பேர் வெட்டுவது தொழில். ஒரு காலத்தில் உளியும் சுத்தியும். இப்போது கொசு மாதிரி ரீங்கரிக்கும் கரண்ட் மெஷின்.

சைஃபுல்லா வண்டியை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“கழட்டேன்,” என்றாள் அருணாதேவி.

“போலீஸ் பிடிச்சா ஃபைன் மேடம்.”

“வண்டி நிக்குது.”

“வண்டிதான் நிக்குது. போலீஸ் நிக்கலையே.”

சொம்பு எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரிக்க அருணாதேவி அதைக் கண்ணாயிரத்திடம் நீட்டினாள். கண்ணாயிரம் சீட்டைப் படித்தார். சொம்பின் கழுத்தைத் தடவினார்.

“வெட்டித் தரேன். எந்த ரெண்டு பேர்னு எழுதலையேம்மா?”

அவள் அவரையே பார்த்தாள்.

“இதைப் படிச்சா உங்களுக்குப் பயமா இல்லையா?”

“எதுக்கு பயம்? கல்யாண சீசன்ல தினம் இருபது சீட்டு வரும். சொம்புல கட்டித்தான் அனுப்புவாங்க. பொண்ணு பேர் ஒண்ணு, மாப்ள பேர் ஒண்ணு. ரெண்டு பேர் வெட்டணும்.” அவர் சீட்டை மறுபடி பார்த்துச் சிரித்தார். “ஆளை வெட்டறதுன்னு நெனச்சியா? அப்பிடின்னா ‘பேரை’ன்னு எழுதியிருப்பான். இதுல ஓர் ஐ கம்மி.”

அருணாதேவி பின்னால் திரும்பினாள். இந்த இடத்தில் சைஃபுல்லா எதையாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கண்ணாயிரம் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். புருவம் ஏறியது.

“இது இன்னா கூத்து? உள்ள புதுக் கலாய். பூசறப்ப போட்ட நவச்சாரத்து வாசனைகூடப் போகல.”

“இப்ப யார் பூசறாங்க?”

“யாருமில்ல. எவர்சில்வர் வந்து பாதி போச்சு. பீர் பாய் போயி மீதி போச்சு.”

“பீர் பாய்?”

“பீர் முகம்மது. ஆதிமூலத்தோட கூட்டாளி. எடம் ஆதிமூலத்துது, கை பாயோடது. ஒரு பித்தளைய நகத்தால தட்டுவாரு. செம்பு எத்தனை, துத்தநாகம் எத்தனைன்னு சத்தத்துலயே சொல்லிடுவாரு. அந்தக் கம்பெனியோட மொத பித்தளை போர்டு நான் வெட்டினதும்மா. ஆதி-பீர் அலாய்ஸ். ரெண்டு பேர்.”

அவர் மெஷினை அணைத்தார்.

“தொண்ணூத்தொண்ணுல அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு அம்மன் கோயிலு அண்டா கலாய்க்கு வந்துச்சு. பெரிய அண்டா, காதுல யானை மொகம். காணாப்போச்சு. பாய் வித்துட்டாருன்னு ஆதிமூலம் கேஸ் குடுத்தாரு. சைக்கிள்ல கட்டி எடுத்துட்டுப் போனதைக் கண்ணால பார்த்தேன்னு சாட்சி சொன்னது அவரு புள்ள ராமதாசு. பதினோரு மாசம் உள்ள.”

“வெளிய வந்து?”

“தெருத்தெருவா கலாய் கலாய்னு கூவினாரு. ஒரு பொம்பளை பாத்திரத்தை வெளிய எடுக்கல. திருடன் கையில எவ குடுப்பா? ஒரு நாள் இங்க வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்தாரு. ‘போர்டுல என் பேரை நீ வெட்டினே கண்ணாயிரம். இப்ப அவங்க வெட்டிட்டாங்க’ன்னாரு. ரெண்டுக்கும் ஒரே சொல்லு பாரும்மா.”

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. சைஃபுல்லாவின் ஹெல்மெட்டில் கோபுரம் வளைந்து தெரிந்தது.

“அந்த அண்டாவை இப்பப் பார்த்தா, அதுதான்னு சொல்ல முடியுமா?” என்றாள் அருணாதேவி. “விளிம்புல இருந்த பேரைத் தேய்ச்சிருந்தா?”

“முடியும். பாய்கிட்ட ஒரு வழக்கம். கலாய் பூசறதுக்கு முன்னாடி, உள்ள அடியில, யாரோட பாத்திரம், யார் கொண்டாந்தான்னு புள்ளி வச்சுத் தட்டிடுவாரு. பாத்திரம் மாறாம இருக்க. மேல ஈயம் மூடிடும். அடுத்த தடவை சூடு பண்ணி ஈயத்தை வழிக்கிறப்பதான் தெரியும். அடுத்த கலாய்க்காரன் மட்டும் படிக்கிற எழுத்து அது.”

அருணாதேவி எழுந்தாள்.

“அண்ணே, பீர் பாய்க்குச் சொந்தம் யாராச்சும்?”

“ஒரு பொண்ணு இருந்துச்சு. பாய் ஜெயிலுக்குப் போனதுமே அவங்க ஊரை விட்டுப் போயிட்டாங்க. பேரன் ஒருத்தன். நாலு வயசு. இந்தத் தெருவுல ஓடிக்கிட்டு இருப்பான். அச்சு அசல் தாத்தா மூஞ்சி.”

சைஃபுல்லா வண்டியைக் கிளப்பிவிட்டான். அவள் இன்னும் ஏறவில்லை.

*

மூன்று பத்து. ஷாமியானாவுக்குக் கீழே ராமதாஸ் விருந்தாளிகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். உலை மூச்சு விடுகிற சத்தம் யார்டு முழுக்கக் கேட்டது.

அருணாதேவி கேட்டது இரண்டே பொருள். காஸ் டார்ச். பழைய சாக்கு. அண்டாவைத் தனமும் சைஃபுல்லாவும் பின்பக்கம் உருட்டி வந்து தண்ணீரைக் கொட்டினார்கள். தனம் தீயை அடியில் காட்டினாள். சாம்பல் நிறத்து ஈயம் முதலில் வியர்த்தது. பிறகு பால் மாதிரி நழுவியது. தனம் சாக்கைச் சுருட்டி ஒரு இழுப்பு இழுத்தாள்.

புள்ளிகள். உள்ளே பித்தளை பளிச்சென்று சிரித்தது. புள்ளிகளில் மட்டும் வெள்ளி போல ஈயம் தங்கியிருந்தது.

‘அம்மன் கோயில். ஆதி கொண்டாந்தது. 12-3-91. பீர்.’

தனம் டார்ச்சை அணைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தாயே. முப்பது வருஷம் இவங்க பரண்மேலயா இருந்தே?”

“இன்னா நடக்குது இங்க?”

ராமதாஸ். அவர் குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பயம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

“சீட்டு மிரட்டல் இல்ல சார்,” என்றாள் அருணாதேவி. “பாத்திரத்துல பேர் வெட்டச் சொல்ற சீட்டு. ஆதி, பீர். உங்க போர்டுல இருந்த ரெண்டு பேர்.”

ராமதாஸ் பெருமூச்சு விட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“இவ்ளோதானா! உசுரே போச்சு மேடம்.” அண்டாவைக் காலால் தட்டினார். “எங்கப்பா எதையும் உருக்குவாரு. இதை மட்டும் பயந்தாரு. சாமி சொத்தை உலையில போட்டா வம்சம் அழியும்னாரு. பரண்ல போட்டு மூடினாரு. போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு நான்தான் எறக்கி, பத்திரிகையிலயும் போட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

“சைக்கிள்ல எடுத்துட்டுப் போனதைப் பார்த்ததா சாட்சி சொன்னீங்க.”

“இருபத்தோரு வயசு. அப்பா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். ஜட்ஜும் கேட்டுக்கிட்டாரு.”

“பதினோரு மாசம்.”

“செத்துட்டான் மேடம். செத்தவனுக்குப் பேர் எதுக்கு?” அவர் தனத்தின் பக்கம் திரும்பினார். “ஆளுங்களை விட்டு இதைத் துண்டு போடு. தட்டு உள்ள போனதும் இதுவும் போயிடணும்.”

“அம்மன் அண்டா முதலாளி. நான் தொடமாட்டேன்.”

“அப்ப நாளையிலேருந்து எதையும் தொடாதே.” அருணாதேவியிடம் குரலைத் தாழ்த்தினார். “உங்க வேலை இதை அனுப்பினவன் யாருன்னு சொல்றது. நாலு மணிக்குள்ள பேரைச் சொல்லுங்க. அவனை நான் பார்த்துக்கறேன். அப்பன், தாத்தன் பேர் எல்லாம் அவனுக்கே மறந்துபோகும்.”

அவர் ஷாமியானாவுக்குத் திரும்பிப் போனார். போகிற வழியில் ஒரு விருந்தாளியைக் கும்பிட்டார்.

சைஃபுல்லா ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அண்டாவை ஆற்றிவிட்டு உள்ளே கையை விட்டான். கடைசி எழுத்தைக் கட்டை விரலால் தடவினான். ஈரத்தில் பிளாஸ்திரி கழன்று விழுந்தது.

“தனக்கா,” என்றான், தலையைத் தூக்காமல். “நாலு மணிக்கு டீ. மறந்துடாதீங்க. உலைகிட்ட நிக்கற ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. எல்லாருக்கும் என் செலவு.”

அருணாதேவி அந்த விரலைப் பார்த்தாள். தோசைக்கல் சுட்டால் கோடாகச் சுடும். இது பொட்டுப் பொட்டாக இருந்தது. உருகிய ஈயம் தெறித்த பொட்டு.

அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. தேரடித் தெருவிலேயே பாதி தெரிந்துவிட்டது. மூன்று வருஷம் கூடவே இருக்கிறான். அவன் தாத்தா கலாய் பூசினவர் என்று நூறு முறை ஜோக் கேட்டிருக்கிறாள். தாத்தா பேரென்ன என்று ஒரு முறை கேட்டதில்லை.

உறுத்தியது வேறு. மூன்று வருஷத்தில் சைஃபுல்லா யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

சீட்டைக் கட்டி அனுப்பும் சொம்புக்கு எதற்கு உள்ளே ஈயம்? யார் பார்க்கப் போகிறார்கள்? தேவையே இல்லாத வேலை. கை பழகுகிறவன்தான் அதைச் செய்வான். எந்த வேலைக்குக் கை பழகினான்?

“தனம்,” என்றாள். “மூடினது எதுவும் போகாதுன்னு சுவர்ல எழுதியிருக்கே. ஏன்?”

“உள்ள ஒரு மடக்கு தண்ணி இருந்தாப் போதும் மேடம். ஆவியாகி வெடிக்கும். உலையில இருக்கறது அத்தனையும் மேல வரும். கிட்ட நிக்கறவன் மூஞ்சி இருக்காது. அதான் மூடின எதையும் சுத்தியால அடிச்சுத் தொறந்துட்டுத்தான் அனுப்புவேன்.”

“தட்டுல இருக்கற எல்லாத்தையும் அடிச்சியா?”

“அடிச்சேன். கங்கைச் சொம்பை மட்டும் வுட்டுட்டேன்.” தனம் நாக்கைக் கடித்தாள். “கங்கை மேல எப்பிடி மேடம் சுத்தி போடறது?”

*

தாம்பாளத்தை உலைக்குப் பத்தடி தூரத்தில் ஸ்டூல்மேல் வைத்திருந்தார்கள். மூன்று ஐம்பத்தைந்து. நாதஸ்வரக்காரர் சீவாளியை எச்சில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அருணாதேவி கங்கைச் சொம்பை எடுத்துக் காதருகே ஆட்டினாள். தளும்பியது. வாயை அடைத்திருந்த ஈயம் புதுசு. சீட்டுக் கட்டின சொம்பில் பார்த்த அதே வெள்ளை.

பின்னால் சைஃபுல்லா வந்து நின்றான்.

“பத்திரிகையில அண்டா போட்டோ பார்த்தப்பவே முடிவு பண்ணிட்டியா?” என்றாள், திரும்பாமல்.

“யானைக் காதைப் பார்த்ததும் மேடம். சாகறப்ப தாத்தா சொன்னது அதுதான். யானைக் காது அண்டாவைப் பார்த்தா சூடு பண்ணுன்னாரு.”

“அப்ப என் கார்டை எதுக்கு வச்சே?”

“நான் சூடு பண்ணி நான் படிச்சா எவன் நம்புவான்? நீங்க படிக்கணும். தனக்கா படிக்கணும். மொதல்ல பேர் வெளிய வரணும்.”

“அப்புறம் ஆள்.”

“அப்புறம் ஆள்.” அவன் குரலில் கிண்டல் இல்லாமல் அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. “சீட்டுல ஓர் ஐ கம்மின்னாரே பெரியவரு. அது இங்க இருக்கு மேடம். உங்க கையில.”

“இளவரசன் அப்பப் பொறக்கவே இல்ல.”

“எனக்கு அப்ப நாலு வயசு. என்னை யாராச்சும் வுட்டாங்களா? திருடன் பேரன்னு எட்டு ஸ்கூல் மாறினேன். ஜோக் அடிக்க அங்கதான் கத்துக்கிட்டேன். சிரிக்க வச்சா கொஞ்சம் கம்மியா அடிப்பாங்க.”

உலை உறுமியது. அந்தப் பக்கம் நாலு பேர் அண்டாவுக்குக் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். ஒருவன் கையில் கட்டர். தனம் குறுக்கே நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவளைத் தள்ளினார்கள். உள்ளே அந்தப் புள்ளிகள் வெயிலில் மின்னின.

“அது உள்ள போயிடுச்சுன்னா பீர்னு ஓர் ஆளே இந்த ஊர்ல இல்ல மேடம்,” என்றான் சைஃபுல்லா. “முதலாளி சொன்னாரு, நீங்களும் காதால கேட்டீங்க. செத்தவனுக்குப் பேர் எதுக்குன்னு. நான் உங்ககிட்ட அதைப் பிடுங்க மாட்டேன். ஓடவும் மாட்டேன். நீங்க இன்னா பண்றீங்களோ பண்ணுங்க.”

சொம்பு சின்னதுதான். ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் கை கனத்தது. அவள் பதினெட்டு வருஷமாக எரிந்த பிறகுதான் போய்ப் பார்த்திருக்கிறாள். எரிவதற்கு முன்னால் ஒரு தடவைகூட நின்றதில்லை.

மேளம் கொட்டியது. மாலையோடு ராமதாஸ் வந்தார், மகனின் தோளில் கை போட்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. ஸ்டூல் அருகே வந்து தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு அருணாதேவியின் கையைப் பார்த்தார். தன் கையை நீட்டினார்.

“குடுங்க மேடம், நல்ல நேரம் போகுது. யார் அனுப்பினதுன்னு தெரிஞ்சுதா?”